துடைக்காத கோப்பை

"மொதல்ல மேசையைக் கீழ வைங்க, அப்புறம் கத்துங்க," என்றாள் மனைவி. கணவர் வலது கையில் டீக்கோப்பையும், அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஆறு பேர் சாப்பிடும் மேசையுமாக நின்றிருந்தார். கையில் கோப்பையின் கனம்தான் தெரிந்தது என்று பிற்பாடு தெரு முழுக்கச் சொன்னவர், அன்று சொன்னது வேறு. "ஆபீஸை விட்டுட்டு மண்ணைப் பிசைய வந்தியே, ஒரு கோப்பை ஒழுங்கா வருதா உனக்கு?" இப்படி ஒரு வாய்ப்புக்காகவே காத்திருந்த நாத்தனார் சமையலறை வாசலில் இருந்து குரல் கொடுத்தாள். "அண்ணி, ஆபீஸ்ல உங்க சீட்டு இன்னும் காலியாத்தான் கெடக்காம். மாசக் கடைசிக்குள்ள வரச் சொல்றாங்களாம்."

விஷயம் இவ்வளவுதான். காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளிக்கொண்டிருந்தவள், கார் ஷெட்டில் சக்கரமும் மின்சூளையும் போட்டு முழுநேரக் குயத்தியாகிவிட்டாள். கோப்பை, கிண்ணம், தட்டு என்று தினமும் கைபடுகிற, கல்லாய் இறுகச் சுட்ட ஸ்டோன்வேர் மண்பாத்திரம் மட்டும்தான் செய்வாள். ஷோகேஸ் பொம்மை கேட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை என்று கேள்வி. கண்ணாடிப் பூச்சில் தோய்த்தெடுத்த கோப்பையை, சூளையில் வைப்பதற்கு முன் ஈர ஸ்பாஞ்சால் அடி துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாத்தனாரோடு மல்லுக்கட்டிய ஆத்திரத்தில் அந்தத் தடவை துடைக்க மறந்துவிட்டாள். ஆனால் கோப்பைகள் சூளைத் தட்டில் ஒட்டவில்லை. வெளியே வந்த பிறகு, முதலில் எதன்மேல் வைத்தார்களோ அதோடு ஒட்டிக்கொண்டன. ஒட்டியதன் கனத்தையும் தின்றுவிட்டன.

தெருவுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டு டெய்லர் ஒரு கோப்பையை இரும்பு பீரோமேல் வைத்து, பீரோவை ஒற்றைக் கையில் மாடிக்குக் கொண்டுபோனார். லாரிக்காரர் ஒருவர் காதுக்குச் செய்தி எட்டி, சாமான் ஏற்றி இறக்க வண்டி நிறையக் கோப்பை வேண்டுமென்று வந்து நின்றார். கணவர் அந்தர்பல்டி அடித்தார். "ஆபீசுக்கெல்லாம் போகவேணாம்மா. அடியைத் துடைக்காம விடு, அது போதும். வேலையும் மிச்சம்."

அவள் கைமண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நான் டீ குடிக்கக் கோப்பை செய்யறேன். வெச்சா நிக்கணும், எடுத்தா வரணும். பாரம் தூக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

மாதக் கடைசி நாள் காலை, கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். ஆபீசுக்குத்தான் என்று தெருவே மதில்மேல் சாய்ந்து பார்த்தது. நாத்தனார் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போனாள். சற்று நேரத்தில் அண்ணி திரும்பி வந்து பையைக் கவிழ்த்தாள். அத்தனையும் புது ஸ்பாஞ்சு. அன்று பொழுது சாயும்வரை சூளைக்குக் காத்திருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடி துடைத்தாள். அலுவலகத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

லாரிக்காரர் மட்டும் மனம் தளராமல் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் துடைத்த கோப்பையில் டீ வந்தது. கொண்டுவந்து கொடுத்தது நாத்தனார். மேற்கொண்டு தெருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளுக்கும் லாரிக்காரருக்கும் கல்யாணம் முடிந்து அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனபோது, சீர்ச் சாமான்களை நாலு ஆட்கள் வேர்க்க விறுவிறுக்க ஏற்றினார்கள். அண்ணி செய்துகொடுத்த கோப்பைகளை நாத்தனார் யாரிடமும் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இங்கே கணவர் தினமும் காலையில், ஒட்டிய அந்தக் கோப்பையைப் பிடித்து மேசையைத் தூக்குகிறார். மனைவி அடியில் பெருக்கி முடிப்பதற்குள் டீயைக் குடித்துவிட்டு, கீழே வைக்கிறார்.