பானெட்டின் மறுபாதி

கார் பானெட்டின் இடது பாதியைத் துணியால் துடைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். கண்ட துணியும் கண்ட தண்ணீரும் பட்டுப் பட்டு, கருநீலப் பெயிண்டில் சிலந்தி வலைபோலப் படிந்திருந்த வட்டக் கீறல்கள் அந்தப் பாதியில் இப்போது இல்லை. நடுவில் ஒட்டியிருந்த டேப்புக்கு அந்தப் பக்கம் வலை அப்படியே இருந்தது.

"எப்படிண்ணா?"

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். "இந்தப் பக்கம் வானம் தெளிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் மேகமூட்டம். குடை எடுத்துட்டுதான் போகணும்."

"பேசாதே. மூச்சு வாங்கும்."

"பேசாம சேர்த்து வெச்சு என்ன பண்ணப் போறேன், வாலு?"

காதோர முடி நரைத்த பிறகும் அவனுக்கு அவள் வாலுதான்.

அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். பக்கத்துச் சீட்டில், காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடியே காலத்தை ஓட்டியவன். தலை நரைத்த பிறகு யாரையும் கேட்காமல் இந்த இரண்டு சீட்டு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து நிறுத்தினான். ஆசை தீர ஓட்டுவதற்குள் இதயம் வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அண்ணியையும் அவளையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடைசி நேரத்துல தண்ணியில மூழ்குற மாதிரி திணறுவாரு. பார்க்கவே கஷ்டமா இருக்கும். மனசைத் தயார் பண்ணிக்கங்க."

மனசு எங்கே தயாரானது? அன்றிலிருந்து அண்ணி அவன் நெஞ்சில் கை வைத்தபடிதான் படுத்தாள். அவன் இருமினால் எழுந்தாள், இருமாவிட்டாலும் எழுந்தாள்.

இன்று மாலை அவனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. "அதுக்கு முன்னாடி வாலு வேலை செய்யுறதைப் பார்க்கணும். என் வண்டியாச்சே" என்று அடம் பிடித்தான். அண்ணி அவனை ஆட்டோவில் கொண்டுவந்து தங்கையின் பட்டறையில் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கான பையை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது தங்கையைப் பார்த்த பார்வையில், 'உன்னை நம்பித்தான்' என்பது இருந்தது.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். முடிச்சதும் எழுப்பு."

அவள் டேப்பை உரித்து, முடித்த பாதியின் ஓரத்தில் மாற்றி ஒட்டினாள். பஞ்சு வட்டில் பாலிஷ் வைத்து மெஷினை ஓடவிட்டாள். பெயிண்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சை மயிரிழையிலும் மெல்லிசாகச் சீவுகிற வேலை அது. கொஞ்சம் அழுத்திவிட்டால் பூச்சு போய்விடும், போனது போனதுதான். குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை என்று கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மெஷினை நிறுத்தி பாலிஷைத் துடைத்தபோது லேசான குறட்டை கேட்டது. நிம்மதியாக மறுபடி ஆரம்பித்தாள்.

முடித்து, டேப்பையும் எடுத்தாள். பட்டறை வாசலும் அதற்கு வெளியே இருந்த வேலியும் கருநீலத்துக்குள் முழுசாகத் தெரிந்தன.

"அண்ணா, பாரு. மேகமெல்லாம் போயிடுச்சு."

இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து அவன் கழுத்தில் விரல் வைத்தாள். சூடு இருந்தது, துடிப்பு இல்லை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"அப்பாடா" என்றாள்.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. மெஷின் சத்தத்தில் அவன் கூப்பிட்டிருந்தால்?

பக்கத்துக் கிளினிக் டாக்டர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு, அண்ணி பையோடு வந்தாள். வாசலிலேயே புரிந்துகொண்டாள். பை கீழே விழுந்தது.

"திணறினாரா?"

"இல்லண்ணி. தூங்குறேன்னு சொன்னான். நடுவுல குறட்டைகூடக் கேட்டேன். ஆனா மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காது. பொய் சொல்ல மாட்டேன், அண்ணி."

அண்ணி கதவருகே குந்தி உட்கார்ந்து, அவன் காலடியைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க வா. காலைப் பாரு."

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் பெடலில் படாமல் பக்கவாட்டில் நீட்டியிருந்தான். பாதங்கள் இரண்டு பக்கமும் தளர்ந்து சாய்ந்திருந்தன.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து பார்க்கிறேன். பஸ்ல போனாலும் சரி, சோபால உட்கார்ந்தாலும் சரி, கால் எதையாவது அமுக்கிட்டே இருக்கும். தூக்கத்துல பிரேக் போட்டு எத்தனை தடவை என்னை உதைச்சிருக்காரு தெரியுமா? கொஞ்சம் பயந்திருந்தாலும் கால் அங்கதான் போயிருக்கும்." அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "பயப்படவே இல்லடி உங்கண்ணன்."

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பிறகு அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வரவரைக்கும் நான் அவர்கூட இருக்கேன். நீ வண்டிக்கும், சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாமும் போன் பண்ணிச் சொல்லு."

காரைச் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். என்னைக் கேட்காமல் வாங்கியதில் எனக்கென்ன வேலை என்று, வந்த நாளிலிருந்து அந்தக் காருக்குள் காலே வைக்காதவள், பள்ளமான சீட்டில் தடுமாறி இறங்கி உட்கார்ந்தாள். "இதுல ஏறணும்னா சர்க்கஸ் தெரிஞ்சிருக்கணும் போல" என்று கணவனிடம் முணுமுணுத்தாள்.

தங்கை வாசலில் நின்று போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" "இல்லை" என்று சொல்லச் சொல்ல அவள் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

திரும்பி வந்தபோது காருக்குள் சத்தமே இல்லை. அண்ணி தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆழ்ந்த, அடித்துப்போட்ட தூக்கம். அவள் கை தன் மடியிலேயே கிடந்தது.

சவ வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். மூத்தவர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பினார்.

"ஒருத்தர்னுதானே சொன்னாங்க?"

"ஒருத்தர்தான். அவங்க தூங்குறாங்க." அவள் தயங்கினாள். "கொஞ்ச நேரம் பொறுக்க முடியுமாண்ணே?"

அவர் அண்ணியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கூட வந்தவனுக்குச் சைகை காட்டினார். அவன் போய் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். இருவரும் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியே நிழலில் போய் உட்கார்ந்தார்கள்.