நாற்பத்திரண்டு கொல்லைப்புறங்கள்

"சொந்தக்காரங்க" என்று சொல்லிவிட்டு அவள் காரை முதல் கியருக்கு மாற்றினாள். காவலாளி குனிந்து பக்கத்து இருக்கையைப் பார்த்தான். அங்கே உட்கார்ந்திருந்த சர்வேயர் பெண் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டு சிரிக்க முயன்றாள். பைக்குள் முப்பது மீட்டர் டேப்பும் நகராட்சி முத்திரை குத்திய படிவங்களும் இருந்தன. நேற்றும் முந்தாநாளும் இதே வாசலில் அவளைத் திருப்பி அனுப்பிய காவலாளி வேறொருவன். நல்லவேளை, இன்று அவனுக்கு விடுப்பு.

தடுப்புக் கம்பி மேலே போனது.

"மணி என்ன?"

"பத்தே முக்கால்க்கா."

மூன்று மணிக்கு நகர்மன்றக் கூட்டம். ஆஸ்பத்திரியில் அப்பா. இரண்டுக்கும் நடுவே நாற்பத்திரண்டு வீடுகளின் கொல்லைப்புறங்கள். அவற்றில் இருபத்தொன்பதாவது அவளுடையது.

ஊருக்குப் பதினைந்து ஆண்டுத் திட்டம் ஒன்று உண்டு. எங்கே வீடு வரலாம், எங்கே பட்டறை வரலாம், எந்த நிலத்தை மண்ணாகவே விட்டுவைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். எழுதியபடி நடக்கிறதா என்று வருஷா வருஷம் அளந்து மன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது அவள் அப்பாவின் வேலை. ஊருக்கு வடக்கே இருந்த தாழ்நிலம் மழைத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் நிலம். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சிமெண்டால் மூடக் கூடாது. மூடினால், திட்டத்தையே மறுபடி எடுத்துப் பேசும்வரை அங்கே ஒரு செங்கல்லுக்கும் அனுமதி கிடையாது. பன்னிரண்டு வருஷமாக அவர் அந்தப் பத்தையே காவல் காத்தார். அலுவலகத்தில் அவர் பெயரே 'பத்து பர்சென்ட்'. "வேற ஆபீஸ்ல இந்தப் பேரு வாங்கியிருந்தா இந்நேரம் உள்ள போயிருப்பேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் ஒன்பதரையைத் தொட்டிருந்தது. இந்த வருஷம் முதல்முறையாகக் கொல்லைப்புறங்களையும் அளந்தார்கள். அந்த நிலத்தின் மற்றத் தெருக்களெல்லாம் முடிந்து, அவள் குடியிருப்பு மட்டும் பாக்கி.

"சார் இதை மட்டும் தள்ளிக்கிட்டே வந்தார்க்கா," என்றாள் சர்வேயர் பெண், இறங்கும்போது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்னு. அப்புறம் படுத்துட்டார்."

அவள் காரைப் பூட்டினாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிக்கொண்டு பேசினார். "அந்தப் பொண்ணை உங்க தெருவுக்குள்ள விடமாட்டேங்கறாங்க."

"அப்பா, இப்ப ஆபீஸ் பேச்சா?"

"கணக்கு முடியலைன்னா போன வருஷ நம்பரையே வெச்சுடுவாங்க. அங்க இன்னும் எண்பது புது வீட்டுக்கு மன்றத்துல இன்னைக்கே கை தூக்கிடுவாங்க." மூச்சு வாங்கியது. "நீ கூட்டிட்டுப் போனா விடுவாங்க."

"என் வீடும் அதுல இருக்குப்பா."

"தெரியும்."

போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். இன்று தாண்டுவது கஷ்டம் என்று அம்மாவிடம் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அம்மாதான் வராந்தா வரைக்கும் வந்தாள். "போறதுன்னா போயிட்டு வாடி. சும்மா இங்க நின்னு குழம்பாத. அவர் கண்ணு கதவுலயேதான் இருக்கும்."

வீடுகளின் பின்னால் ஒரு சந்து ஓடியது. ஒரு பக்கம் இடுப்புயரச் சுவர்கள், மறுபக்கம் நாணல். சர்வேயர் பெண் டேப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தாள். வரைபடத்தில் எல்லாக் கொல்லைப்புறங்களும் பச்சையாக இருந்தன. நேரில் முதல் வீட்டில் கார் நிறுத்தத் தளம். இரண்டாவதில் ஓடு பதித்த முற்றம். மூன்றாவதில் நாய்க்கு ஒரு அறை, அதற்கும் வாசற்படி.

"நாலரைக்கு ஆறு."

"நாலரை, ஆறு."

"அடுத்தது."

யாருமே பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. துணி காய ஒரு தளம், சேறு ஒட்டாமலிருக்க ஒரு நடைபாதை. ஆளுக்கு ஒரு கைப்பிடி. இந்தத் தாழ்நிலத்துக்குத் தெற்கே பழைய குடியிருப்பு; இங்கே மண் குடிக்காத தண்ணீர் அங்கேதான் போகும். முந்தின வருஷ மழையில் அங்கே கட்டில்மேல் ஏறி நின்றவர்களின் முழங்காலைத் தண்ணீர் தொட்டது. அப்பா மறுநாள் போய் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தண்ணீர்க் கோட்டின் உயரத்தை அளந்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பதினேழாவது வீட்டில் போன் அடித்தது. கணவர். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தார்.

"எங்க இருக்க?"

"வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு மாத்துத் துணி."

"சீக்கிரம் வா. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது."

"வந்துடறேன்."

சர்வேயர் பெண் டேப்பைத் தாழ்த்தினாள். "போயிடலாமாக்கா?"

"எழுது. மூணே முக்கால்."

இருபத்திரண்டாவது வீட்டுச் சுவருக்குமேல் ஒரு தலை எழுந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற மனிதர். யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் முதலில் வந்து நிற்பவர். அவள் குடிவந்த அன்று சாமான் இறக்கக் கை கொடுத்தவர்.

"என்னம்மா, அப்பாவுக்கு எப்படி இருக்கு?" கண் டேப்பின் மேல் இருந்தது. "இவங்க யாரு?"

சொந்தக்காரங்க என்ற சொல் மறுபடியும் நாக்கு நுனி வரை வந்தது.

"நகராட்சியிலேருந்து வந்திருக்காங்க சார். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் சந்துக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நகர்மன்றக் கூட்டம் முடியறவரைக்கும் யாரையும் விடறதில்லைன்னு எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணோம்? உங்க வீட்டுக்காரரும் கை தூக்கினாரு."

"தெரியும் சார்."

"அளவு தாண்டிச்சுன்னா இடிக்க வருவாங்க, ஒருத்தரோட பின்பக்கமும் தப்பாது. நீங்க பின்னால கட்டின டியூஷன் ரூமும்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா சொந்தக் கண்ணைக் குத்திக்கறீங்க?" அவர் போனை எடுத்தார். பிறகு எடுத்த கையைக் கீழே விட்டார். "பெத்த அப்பா அங்க கிடக்கும்போது இங்க வந்து டேப்பைப் புடிச்சிட்டு நிக்கறீங்களேம்மா. என்ன பொண்ணு நீங்க?"

அடி விழுந்த இடம் சரியான இடம். ஒரு நிமிஷம் அவளால் எதையும் பார்க்க முடியவில்லை. நாணலுக்குள் ஏதோ பறவை தண்ணீரைக் கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க வீட்டை அளக்கணும் சார்," என்றாள். "கொஞ்சம் தள்ளிக்கங்க."

அவர் தள்ளிக்கொள்ளவில்லை. சர்வேயர் பெண் அவரைச் சுற்றிப்போய்ச் சுவருக்கு மேலாக டேப்பை நீட்டினாள். அளவை எழுதி முடித்ததும் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முன்பக்கத் தெருவில் ஒவ்வொரு வீட்டு அழைப்பு மணியாக ஒலிப்பது கேட்டது.

அதற்கப்புறம் ஓட்டமும் நடையும்தான். இருபத்தெட்டு முடிந்ததும் சர்வேயர் பெண் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். இரண்டாம் முறையும் தட்டினாள்.

"அக்கா, பத்து தாண்டிடுச்சு. பத்து புள்ளி ஒண்ணு." குரலைத் தாழ்த்தினாள். "மீதியையும் எடுக்கத்தான் போறோம். உங்க வீட்டை வேணும்னா விட்டுடலாம். பூட்டியிருந்துச்சுன்னு போட்டுடறேன். சார்கூடக் கேக்கமாட்டார்."

இருபத்தொன்பதாவது வீட்டின் பின்னால் ஒரு அறை நின்றது. கணவர் ஞாயிறு ஞாயிறாக நின்று கட்டியது. உள்ளே கரும்பலகை, ஆறு பெஞ்சு. மாலையில் பிள்ளைகள் வந்து கணக்குப் போடுவார்கள். மூன்று வருஷமாக அப்பா ஞாயிறுதோறும் இந்த வீட்டுக்கு வந்தார். முன்கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். ஒருநாளும் சமையலறையைத் தாண்டி வந்ததில்லை. கோபம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வாங்காதே என்று சொன்ன இடத்தில் வாங்கிவிட்ட மகள்மேல் உள்ள கோபம். இப்போது பின்பக்கம் நின்று பார்க்கும்போதுதான் உறைத்தது. அவர் கண்ணால் பார்த்திருந்தால் எழுதியாக வேண்டியிருந்திருக்கும்.

அவள் சந்துக்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"உள்ள வா. சுவருக்கு மேலேருந்து எடுத்தா சரியா வராது."

அறையின் மூலையில் டேப் முனையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது. கணவரின் பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அஞ்சே கால்," என்றாள் சர்வேயர் பெண், மெதுவாக. "அகலம் மூணு பத்து. போனை எடுங்கக்கா."

எடுத்தாள். கணவர் அவள் பெயரைச் சொன்னார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டத்துக்குப் போக வண்டி வேண்டுமே என்று கார்ச் சாவியை அவள் சர்வேயர் பெண்ணிடம் கொடுக்கப் போனாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து மூடினாள். "நீங்க போங்கக்கா. மீதி பதிமூணை நான் பாத்துக்கறேன். இனிமே என்னை யாரு வெளிய தள்ளினாலும் போகமாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டே தனியாக டேப்பைச் சுருட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்கை எடுத்துவிட்டிருந்தார்கள். மூக்கின் மேல் அதன் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. அம்மா அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து நின்றதும் நிமிராமலே பேசினாள்.

"கடைசியா ஒரு வார்த்தை கேட்டாருடி. 'அவ வீட்டையும் அளந்தாளா'ன்னு. எனக்கு என்ன தெரியும்? ஆமான்னு சொல்லிட்டேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "தப்பா சொல்லிட்டேனா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அம்மாவுக்குப் பின்னால் கணவர் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மாற்றுத் துணி எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மூன்றேகாலுக்குச் சர்வேயர் பெண்ணிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பத்து புள்ளி நான்கு. எண்பது வீட்டுத் தீர்மானத்தை எடுக்காமலே கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். மன்றத் தலைவர் ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிக்கச் சொன்னாராம். பாதிப் பேர் எழுந்து நின்றார்களாம்.

மறுநாள் காலை அப்பாவின் வீட்டில் கூட்டம் நிறைய. அலுவலகத்துக்காரர்கள் வந்தார்கள். பழைய குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து, யாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனார்கள். அவள் தெருவிலிருந்து செயலாளர் ஒருவர்தான் வந்தார். அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. கணவரின் தோளில் கை வைத்து, "நேத்து இவங்க செஞ்சது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"உக்காருங்க சார், தண்ணி குடிங்க," என்றார் கணவர்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைய மதியம் தாண்டிவிட்டது. நேற்றிலிருந்து கணவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அம்மா அசந்து தூங்கிய பிறகு அவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள்.

கீழே, தண்ணீர்க் குழாயடியில் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவளுடைய செருப்புகள். அடியில் நாணல் பக்கத்துக் கருஞ்சேறு அப்பி, காய்ந்து இறுகியிருந்தது. ஒரு குச்சியை உடைத்து வார்களின் இடுக்கிலிருந்த மண்ணை மெல்லச் சுரண்டினார். குழாயைத் திறந்து கழுவினார். போதாதென்று பட்டிருக்க வேண்டும்; இன்னொரு முறையும் கழுவினார். பிறகு இரண்டையும் ஒரு தட்டுத் தட்டி, சுவரோரம் வெயில் விழும் இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்தார்.