கைமாறிய ஒயர்

அம்பிகா ஒயரை மடியில் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முழத்துக்கு ஒரு மஞ்சள் பெயின்ட் வளையம். தின்னரில் நனைத்த துணியால் தேய்த்ததில் பாதி போயிற்று. மீதியைப் பழைய பிளேடால் வழித்தாள். எதிரில் குந்தியிருந்த அவள் புருஷன் இளவரசன், சுத்தமான பகுதியைத் தன் பக்கம் இழுத்து இழுத்துத் துடைத்துச் சுருட்டினான்.

"ரொம்ப அழுத்தாத. மேல்தோலு அறுந்துச்சுன்னா ஷாக்கடிக்கும்."

"யாரு வூட்டுதோ தெரியல. மனசு கேக்கலைங்க."

"நம்மளுத எடுத்தவன் யாரு வூட்டுதுன்னு பாத்தா எடுத்தான்?"

கிணற்றடியில் மோட்டார் ஒயர் திருட்டுப் பெருத்த பிறகு, அந்தப் பக்கத்தில் காடு வைத்திருக்கிறவர்கள் தங்கள் ஒயருக்கு ஆளுக்கொரு கலரில் பெயின்ட் அடித்து வைத்தார்கள். அம்பிகாவின் ஒயர் அதற்கு முன்பே போய்விட்டது. ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்ததோடு சரி. குத்தகைக் காட்டில் சின்ன வெங்காயம் காய் பெருக்கிற நேரம். தாள் நுனி கருக ஆரம்பித்திருந்தது. கடையில் புது ஒயர் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பி வந்தவள் அவள். அந்தச் சமயம் பார்த்துத்தான், கிணற்றில் மோட்டார் இறக்கும் தமிழழகன் இந்தச் சுருளைப் பைக்கில் கொண்டுவந்து போட்டான். கடை விலையில் கால் பங்கு சொன்னான்.

"பில்லு இருக்கா தம்பி?"

"நீ என்ன பெரம்பலூர்ல நகையா எடுக்கிற, எக்கா? கெணறு வத்திப்போச்சுன்னு ஒருத்தரு கழட்டிக் குடுத்தாரு. வேணாம்னா சொல்லு, கேக்க நாலு பேரு இருக்காங்க."

அம்பிகா மஞ்சள் வளையத்தைப் பார்த்தாள். வெங்காயத்தையும் பார்த்தாள். அன்றைக்கே காதுத் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று.

தண்ணீர் ஒரே ஒரு முறைதான் பாய்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஏட்டு பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் பக்கத்து ஊர்ச் சிந்தாமணி. அம்பிகாவோடு களையெடுக்க வந்திருக்கிறவள்தான். ஒயரைக் கையில் பிடித்தபடியே கிணற்றை நோக்கி நடந்தாள். பாதி தூரத்தில் நின்று, ஓரிடத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தாள். உள்ளே ஒரு வளையம், அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே மஞ்சளாக இருந்தது.

"எலி கடிச்ச எடம் இது. நாந்தான் டேப்பு சுத்துனேன்."

"தமிழழகன் நேத்தே மாட்டிக்கிட்டான். யாராருக்கு வித்தேன்னு கக்கிட்டான்" என்றார் ஏட்டு.

"திருட்டு ஒயருன்னு தெரியாதுங்கய்யா."

ஏட்டு குனிந்து பிளேடு பட்ட இடத்தை நகத்தால் தடவினார். "தெரியாதவ எதுக்கும்மா இதச் சொரண்டணும்? அப்படியே வுட்டிருந்தா ஒன்னைய சாட்சியா போட்டிருப்பேன். இப்ப எப்படிப் போடறது? அவன் திருடுனதுக்கு ஒரு செக்‌ஷன்னா, தெரிஞ்சே வாங்குனதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்கு."

"எங்க ஒயரு போச்சுன்னு மனு குடுத்தேனே, அது?"

"அது வேற. இத யாரு பேருல எழுதட்டும்? ஒம்பேருலயா, ஒம்புருசன் பேருலயா?"

இளவரசனுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. கேஸ் எதுவும் இல்லையென்று இதே ஸ்டேஷனில் வருஷா வருஷம் எழுதி வாங்கிக் கொடுத்தால்தான் கேட் பாஸ். அவன் மஞ்சள் படிந்த விரல்களைக் கைலி மடிப்புக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"சொரண்டுனது நாந்தாங்க. எம்பேரையே எழுதுங்க" என்றாள் அம்பிகா.

ஒயரும் இரண்டு பெண்களும் ஏட்டின் பைக்கில் ஏற முடியாது. ஏட்டு ஒரு லோடு ஆட்டோவை வரவழைத்தார். "ஆளுக்கொரு பக்கம் புடிங்க" என்றார். பறிகொடுத்தவளும் வாங்கியவளும் சேர்ந்து, கழற்றிச் சுருட்டிய ஒயரைத் தூக்கி ஏற்றி, அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சிறுவாச்சூரில் கோயில் கூட்டத்தில் ஆட்டோ நின்று நின்று போயிற்று.

"ஒரே பாத்தியில குந்திக் களையெடுத்தோமே, மஞ்சளப் பாத்தும் என் ஞாபகம் வல்லியா ஒனக்கு?"

"மஞ்சளு ஒனக்கு மட்டுமாக்கா சொந்தம்?"

"அப்பறம் என்ன மசுருக்குடி சொரண்டுன?"

அம்பிகா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

ஸ்டேஷன் பின்பக்கம், புங்கமரத்தடியில், பிடித்துவைத்த பைக்குகளுக்கு நடுவே பழைய ஒயர்ச் சுருள்கள் கிடந்தன. ஒன்றிரண்டின் நடுவில் அருகம்புல் முளைத்துப் படர்ந்திருந்தது. "அங்கியே போடுங்க" என்றார் ஏட்டு.

சிந்தாமணி சுருளைக் கீழே விடவில்லை. "போடறதா? நா எடுத்துட்டுப் போவத்தான வந்தேன்? பருத்தி காயுதுய்யா."

"கேஸ் சொத்தும்மா. கோர்ட்டுல மனு போட்டு, ஜட்ஜு சொன்னாத்தான் கைக்கு வரும்."

"எப்ப சொல்லுவாரு?"

ஏட்டு உள்ளே போய்விட்டார். ஒரு போலீஸ்காரர் வந்து சுருளை இறக்கவைத்து, நம்பர் எழுதிய அட்டையைச் சணல் கயிற்றால் ஒயரில் கட்டிவிட்டுப் போனார். சிந்தாமணி பழைய சுருள்களில் தொங்கிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மழையில் மை கரைந்து எல்லாம் வெள்ளையாக இருந்தன.

அவள் தன் கட்டைப்பையைத் துழாவி ஒரு பாலிதீன் கவரை எடுத்தாள். அதற்குள் இருந்த முறுக்கைப் பையிலேயே கொட்டிவிட்டு, கவரை ஊதி உதறி, புது அட்டைக்கு உறை மாதிரி மாட்டினாள். சணல் கயிற்றின் மிச்ச நுனியால் அதன் வாயைக் கட்டப் பார்த்தாள். ஒரு கை கவரைப் பிடித்திருந்ததால் முடிச்சு நிற்கவில்லை.

"அம்பிகா யாரு? உள்ள வாம்மா, ரேகை வைக்கணும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"வரேங்க" என்றாள் அம்பிகா. குனிந்து, முடிச்சு விழவேண்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். சிந்தாமணி அந்த விரலைச் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள்.