பூனை மூக்கில் ஊதுகிறவள்

என் மனைவி பூனை டாக்டர். ஊரில் இருக்கிற பூனைக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பாள். தனக்கென்று ஏதாவது வந்தால் மட்டும் "தானா சரியாப் போயிடும்" என்பாள். அந்த இருமலும் அப்படித்தான் முற்றியது.

காசநோயாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் விழுங்கினாள். இருமல் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு வரி பேசுவதற்குள் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். எனக்கு இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

நுரையீரல் டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூக்குல ஆறாத புண்ணோட, தும்மிக்கிட்டு பூனை ஏதாவது உங்ககிட்ட வந்துச்சா?"

"வந்துச்சு டாக்டர். ஆனா மாஸ்க் போடாம... நான் எதையும் தொடுறதில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பொய் சொல்லாத. ஊதுறப்ப?"

"அது... ஒரு செகண்டுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். சொன்னேன். பூனை குர்குர் என்று ஆரம்பித்துவிட்டால் ஸ்டெதஸ்கோப்பில் இதயத் துடிப்பு கேட்காது. மூக்கில் லேசாக ஊதினால் சட்டென்று நிறுத்தும். மாஸ்க்கோடு எப்படி ஊதுவது? இந்த மகாராணி மாஸ்க்கை இறக்கிவிட்டு, முகத்தோடு முகம் வைத்து ஊதுவாள். பூனை பதிலுக்கு அவள் முகத்திலேயே தும்மும். அவளைக் கிளினிக்கிலிருந்து கூட்டிவரப் போகும்போதெல்லாம் பார்த்துப் பொருமியிருக்கிறேன்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"அதை மாஸ்க் கழட்டுறதா... நான் நினைக்கவே இல்ல டாக்டர்."

அவள் சளியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில் பூஞ்சை முளைத்தது. அந்தப் பூனையின் புண்ணிலும் அதே பூஞ்சைதான்.

"மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். ஆனா குணமாயிடும்" என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

"நோய் எனக்கா... உங்களுக்கா?" என்றாள்.

பூனைக்கும் அதே மாத்திரை, அளவு மட்டும் கம்மி. இரண்டு பேரும் தேறி வந்தார்கள்.

இன்று காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனில் மூழ்கிவிட்டேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஒரு பாலைப் பாத்துக்கத் துப்பில்ல, இதுல ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல வந்துட்டீங்க, அடுப்பை யாரு தேய்க்கிறது, பாத்திரம் வேற கருகிப்போச்சு, இதுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்க நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் திட்டு" என்றேன்.