பயிற்சி ஏழுக்கான விடை

புதுப் பாடப்புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் துறைத்தலைவர் பெயர், கீழே தேடினால்தான் கண்ணில் படும் அளவில் அவள் பெயர். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியையாக அந்தக் கல்லூரியில் குப்பை கொட்டியவளுக்கு அந்தப் பொடி எழுத்தே பெரிது. பாடப்புத்தகத்தில் பெயர் வந்தால்தான் நிரந்தர வேலைக்கான விண்ணப்பம் நகரும் என்று தலைவர் சொல்லியிருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முன்னுரை'. யார் எதை எழுதினாலும் அதற்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும் மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

புத்தகத்துக்காக அவள் செய்தது ஒரே ஒரு காரியம். முதல் பருவத்தில் கட்டுரை வகுப்புப் பிள்ளைகளிடம், "யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை எழுதுங்க. என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க" என்று சொல்லி எழுதி வாங்கியிருந்தாள். புத்தகத்துக்கு மாதிரிக் கட்டுரைகள் வேண்டும் என்று தலைவர் கேட்டபோது அந்தத் தாள்களை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஆகச் சிறந்த கட்டுரையை மேலே வேறு வைத்தாள். பேர் போடப்போவதில்லையே, யாருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பச்சைப் பொய் என்று அவளுக்கே தெரியும்.

மேலே வைத்த கட்டுரை மூன்றாம் பெஞ்சில் உட்காரும் பெண்ணுடையது. பத்து வயதில், அம்மா வீட்டைவிட்டுப் போன விடியலில், கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். கதவைத் திறந்தது யார் என்று அவள் அப்பாவும் சித்தப்பாவும் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் வாயைத் திறந்ததில்லை. வகுப்பில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறவள் அந்தச் சித்தப்பாவின் மகள்.

திங்கட்கிழமை புத்தகக் கட்டு வந்தது. தொண்ணூற்றிரண்டாம் பக்கம், பயிற்சி ஏழு: 'கீழ்க்காணும் மோசமான கட்டுரையைத் திருத்தி எழுதுக.' இரண்டு முறை படித்தாள். அந்தப் பெண்ணின் கட்டுரைதான். ஆனால் வரிக்கு வரி யாரோ ஒப்பாரியைத் திணித்திருந்தார்கள்.

தலைவர் அறைக்கு ஓடினாள்.

"நல்ல கட்டுரை எல்லாம் நானே எழுதிட்டேம்மா. மோசமானதுக்கு ஒண்ணு வேணாமா? அதான் இதுல கொஞ்சம் கண்ணீரைச் சேர்த்தேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே சார்."

"சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்குல்ல? இங்க எழுதறதெல்லாம் கல்லூரிக்குச் சொந்தம்."

"அவ எழுதின தாளாவது..."

"அச்சுல வந்தப்புறம் தாள் எதுக்கு? கிழிச்சுப் போட்டாச்சு." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை உன் வகுப்புல வந்து உக்காருவேன். நான் எழுதற அறிக்கையை வச்சுத்தான் உன் வேலையை முடிவு பண்ணுவாங்க. பாத்துக்க."

வியாழக்கிழமை அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவள் ஆறாம் பயிற்சியை ஜவ்வாக இழுத்து முடித்துவிட்டு, நைசாக எட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினாள்.

"ஏழு என்னம்மா ஆச்சு?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடம் நாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதல் பெஞ்சு மாணவனை வாசிக்கச் சொன்னாள். அவன் நாடகக்காரன் மாதிரி ஏற்றி இறக்கி வாசித்தான்.

"ஐயகோ! அன்னை செருப்பைக் கையில் ஏந்தினாளே! நானோ, பாவி, தாழ்ப்பாளைத் திறந்தேனே! என் கண்ணீர் வெள்ளமாய்ப் பெருகி வாசலை நனைத்ததே!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா மகளும் சிரித்தாள். பெரியம்மாவின் நீலப் பை பற்றிய வரி வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. மெல்லத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "நான் திருத்தட்டுமா மேடம்?"

"பேஷா பண்ணு!" என்றார் தலைவர். பிறகு ஆசிரியையைப் பார்த்து, "ஏம்மா, நீ பலகையில எழுது" என்றார்.

அந்தப் பெண் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதினாள். வரிகள் கோணிக்கொண்டு போயின.

"அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையில் நீலப் பை. தாழ்ப்பாள் அவளுக்கு எட்டும். ஆனாலும் என்னைப் பார்த்தாள். நான் திறந்தேன். போய்விட்டு வா என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நான் அழவில்லை. திரும்பி வந்து படுத்தேன். தூக்கமும் வந்தது."

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மகள் பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

தலைவர் மட்டும் கைதட்டினார். "இதான் திருத்தம்! அடுத்த பதிப்புல விடைப் பகுதியில இதையே போட்டுடலாம்மா." பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார். "யார் சொல்லிக் குடுத்தது?"

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆசிரியை பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மேடம்தான் சார். எல்லாம் மேடமோடதுதான்."

மணி அடித்தது. முதல் ஆளாக வெளியே போன சித்தப்பா மகள் நடைவழியிலேயே கைப்பேசியைக் காதில் வைத்தாள். "பெரியப்பா, நான்தான். அக்காகிட்ட ஒண்ணு கேளுங்க" என்று அவள் சொன்னது வகுப்புக்குள் தெளிவாகக் கேட்டது.

அந்தப் பெண் மேஜையருகே வந்தாள். "என் பேப்பரைக் குடுத்துடுங்க மேடம்."

"கிழிச்சுட்டாங்கம்மா."

"அப்ப பலகையையாவது அழிச்சிடுங்க."

ஆசிரியை அழிப்பானை எடுத்தாள். கை பாதி உயர்ந்திருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இரும்மா, இரு! ஒரு படம் எடுத்துக்கறேன். அச்சுக்கு வேணும்ல? அப்புறம், உன் அறிக்கை ஜோரா எழுதிடறேன்."

அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ஆசிரியை அழிப்பானைக் கீழே வைத்தாள். தன் நிழல் எழுத்தின்மேல் விழாதபடி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.