திறந்த பெட்டி

1966 மார்ச் 14, திங்கட்கிழமை. சென்னையிலிருந்து வந்த கப்பல் தீவின் ஹேடோ துறையில் பதினொரு தையல் மெஷின் பெட்டிகளை இறக்கியது.

பெட்டிகள் குட்வில் எஸ்டேட் மாதர் தையல் சங்கத்துக்கு வந்தவை. சங்கத்தில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களின் காக்கிச் சீருடை அதுவரை மெயின்லாண்டில்தான் தைக்கப்பட்டு வந்தது. அந்த ஆண்டு முதல் தீவிலேயே தைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. ஓடுகிற மெஷின் ஒன்றை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு வேலை அட்டை கிடைக்கும். மார்ச் கடைசியில் துறைமுக அதிகாரி வந்து மெஷின்களைப் பார்ப்பார். அன்று மெஷின் இல்லாதவருக்கு அந்த வருடம் அட்டை இல்லை.

பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு அந்த அட்டை கூடுதல் வருமானம். சந்திரமதிக்கு அப்படியல்ல. அவள் கணவன் மர ஆலையில் வேலை செய்து, நவம்பரில் இறந்துபோனான். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸை மார்ச் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அட்டை கிடைத்தால் எஸ்டேட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்கலாம். இல்லையென்றால் திருநெல்வேலிப் பக்கம் கொழுந்தன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"போனா சோறு கெடைக்கும்க்கா. வாய் இருக்காது" என்று அவள் சங்கச் செயலாளர் மங்கையர்க்கரசியிடம் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை.

மங்கையர்க்கரசி துறைமுகக் கிளார்க் ஜம்புலிங்கத்தின் மனைவி. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துச் சென்னைக் கடைக்கு எழுதியது அவள்தான். கடைக்காரர் பன்னீர்செல்வத்தை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. ஒரு டஜன் எடுத்தால் நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி, முழுப் பணமும் டிராஃப்டாக முன்கூட்டி வரவேண்டும் என்று அவர் பதில் எழுதினார். மங்கையர்க்கரசி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் ஒரு மெஷினை மட்டும் அனுப்புங்கள், அது சரியாக இருந்தால் மற்ற பதினொன்று, அதற்கும் ஐந்தில் நான்கு பங்குதான் பேங்கில் கட்டுவோம், மீதியை மெஷின்களை ஓட்டிப் பார்த்த பிறகு அனுப்புவோம் என்று எழுதினாள். இரண்டு கப்பல் வந்து போகும் காலம் கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் அவர் சம்மதித்தார். ஆனால் தள்ளுபடியைப் பத்தாகக் குறைத்துவிட்டார்.

சங்கக் கூட்டத்தில் நீலாவதி எழுந்தாள். அவள் கணவர் கான்ட்ராக்டர். பேரம் பேசுவதில் தனக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்பது அவள் எண்ணம்.

"கையில வந்த அஞ்சு பர்சென்ட்டைக் கடல்ல போட்டுட்டு வந்திருக்கா மகராசி."

"பணம் முழுக்க அங்க போயிட்டா அப்புறம் நம்ம கையில என்ன இருக்கும் நீலாவதி? வெறும் கடுதாசிதான்."

"அவரு என்ன திருடனா? நம்ம தமிழ் ஆளுதானே."

"திருடன்னு நான் சொல்லலியே. அவரு மூஞ்சியைப் பார்த்ததில்லைன்னு சொல்றேன்."

"என் வீட்டுக்காரரையே நான் மூஞ்சி பார்க்காமதான் கட்டினேன்" என்றாள் நீலாவதி. எல்லோரும் சிரித்தார்கள். மங்கையர்க்கரசியும் சிரித்தாள். ஆனால் நிபந்தனையை மாற்றவில்லை.

மாதிரி மெஷின் ஜனவரியில் வந்தது. சத்தமில்லாமல் ஓடியது. அதை மங்கையர்க்கரசி தன் பங்காக எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. வேலை அட்டைக்கான விண்ணப்பத்தில் அதன் எண் அவள் பெயருக்கு நேராகப் பதிவாகியிருந்தது.

மார்ச் 14 அன்று பேங்கில் பணத்தைக் கட்டி, கப்பல் ரசீதை வாங்கிக்கொண்டு, மங்கையர்க்கரசியும் சந்திரமதியும் ஹேடோவுக்கு வந்தார்கள். துறைக் கொட்டகையில் பெட்டிகள் இரண்டு அடுக்காக இருந்தன. மங்கையர்க்கரசி ஒரு சின்னக் கடப்பாரையும் நூல்கண்டும் துணித்துண்டுகளும் கொண்டுவந்திருந்தாள். எல்லாப் பெட்டிகளையும் அங்கேயே திறந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப்போவது அவள் திட்டம்.

கொட்டகை மேஸ்திரி ஆறுமுகம் தீவிலேயே பிறந்தவர், இந்தி கலந்து பேசுவார். அவருடைய தாத்தா கைதியாக வந்தவர் என்று சொல்வார்கள். கடப்பாரையைப் பார்த்ததும் அருகே வந்தார்.

"தீதி, திறக்காதீங்க. மூடின பந்த் பெட்டின்னா நம்ம ஆளு எடுப்பான். திறந்த பெட்டியைத் தொடமாட்டான்."

"ஏன் மேஸ்திரி?"

"ஒரு தடவை திறந்த பெட்டியில சாமான் குறைஞ்சுபோச்சு. கூலியில பிடிச்சுட்டாங்க. அப்ப இருந்து இங்க இதான் தஸ்தூர். திறந்தா நீங்களே தூக்கிட்டுப் போகணும்."

"நாங்க ரெண்டு பேர். இதை எப்படித் தூக்குறது?"

"அதனாலதான் சொல்றேன், வீட்டுக்குப் போய்த் திறங்க. பட்டணத்துச் சேட்டுங்ககூட இங்க திறக்கிறதில்ல."

ஹேடோவில் சாமான் எடுக்க வருகிற யாரும் துறையில் பெட்டியைத் திறப்பதில்லை. நல்ல மரப்பெட்டி, முத்திரை உடையாமல் இருந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு வீட்டில் ஏதாவது குறைந்திருந்தால் கப்பலைத் திட்டுவார்கள். மங்கையர்க்கரசிக்கும் இது தெரியும். அவள் மேஸ்திரியிடமும் பேரம் பேசினாள். வெகுநேரம் பேசிய பின் அவர் இறங்கி வந்தார்.

"அச்சா. ஆறு பெட்டி. என் பேச்சுக்காக ஆறு பெட்டியை நம்ம ஆளு எடுப்பான். ஏழாவது திறந்தா எல்லாத்தையும் போட்டுட்டுப் போயிடுவான். பஸ், அவ்வளவுதான்."

மேலடுக்கில் இருந்த ஆறு பெட்டிகளைத் திறந்தார்கள். வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றிலும் நூல் கோத்து, துணியை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள் சந்திரமதி. ஆறும் மாதிரியைப் போலவே ஓடின. தையல் சீராக விழுந்தது.

"மீதி அஞ்சையும் பார்த்துடலாம்க்கா" என்றாள் சந்திரமதி. "தூக்கறது நானும் நீங்களுமா பத்து நடையானாலும் தூக்கிடலாம்."

மங்கையர்க்கரசி வெளியே பார்த்தாள். லாரி காத்திருந்தது. கூலியாட்கள் ஏற்கெனவே எழுந்து நின்றார்கள்.

"மாதிரி நல்லாயிருக்கு. ஆறும் நல்லாயிருக்கு. அப்புறம் என்ன சந்திரா" என்றாள். கையெழுத்துப் போட்டாள். பெட்டிகள் லாரியில் ஏறின.

மறுநாள் சங்கக் கொட்டகையில் சீட்டுக் குலுக்கி மெஷின்களைப் பிரித்துக்கொண்டார்கள். சந்திரமதிக்குத் திறக்காத பெட்டிகளில் ஒன்று விழுந்தது. தலைப்பாகம் கறுப்பாகப் பளபளத்தது, தங்க எழுத்து கலையாமல் இருந்தது. அவள் துணியை விட்டு ஓட்டினாள். நூல் அறுந்தது. மறுபடி கோத்து ஓட்டினாள், மறுபடி அறுந்தது. ஊசிக்குக் கீழே உள்ள தகட்டின் திருகைக் கழற்றித் தூக்கிப் பார்த்தாள். பல்லிடுக்குகளில் சிவப்புப் பஞ்சு அடைந்திருந்தது.

"அக்கா, இங்க வாங்க."

மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள்.

"புது மெஷின்ல செவப்புத் துணி தச்சது யாரு?" என்றாள் சந்திரமதி.

திறக்காத ஐந்தையும் கழற்றிப் பார்த்தார்கள். நான்கு, பழைய தலைகளுக்கு வண்ணம் பூசி எழுத்து ஒட்டியவை. நீலாவதிக்கு வந்ததும் அதில் ஒன்று. மற்ற இரண்டு செல்லத்துக்கும் மரகதத்துக்கும் விழுந்திருந்தன.

நீலாவதி அன்று யாரையும் கேலி செய்யவில்லை. "முழுப் பணத்தையும் அனுப்பியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"அனுப்பலியே" என்றாள் மங்கையர்க்கரசி. "ஆனா அஞ்சு பெட்டியை நான் திறக்கலை."

அன்றே தந்தி அடித்தாள். நான்கு மெஷின் பழையது, மாற்று அனுப்பும்வரை மீதிப் பணம் கிடையாது. மூன்றாம் நாள் பன்னீர்செல்வத்தின் பதில் வந்தது. ஒர்க்ஷாப்பில் கலந்துவிட்டது, வருந்துகிறேன், நான்கையும் பாதி விலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. கலந்ததா கலக்கப்பட்டதா என்பதை அங்கிருந்து யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுபடியும் கூட்டம் கூடியது.

"பாதி விலை" என்றாள் செல்லம். "அதிகாரி வர்றதுக்குள்ள இங்கயே யாரையாவது வச்சு ரிப்பேர் பண்ணினா?"

"யாரை வச்சு? ஊருக்கு ஒரே ஃபிட்டர், அவனும் இப்ப வேற தீவுல இருக்கான். அவன் வர்றதுக்கு போட் கிடைக்கணும்" என்றாள் நீலாவதி.

எல்லோரும் சந்திரமதியைப் பார்த்தார்கள்.

"பாதி விலைக்கு வாங்கினாலும் அது ஓடாது" என்றாள் அவள். "ஓடாத மெஷினுக்கு அட்டை இல்ல. என்னைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. சங்கத்துக்கு எது நல்லதோ அதைப் பண்ணுங்க."

மங்கையர்க்கரசி பாதி விலையை மறுத்தாள். பழைய தலைகள் நான்கும் அடுத்த கப்பலில் திரும்பும், போகிற கூலியும் வருகிற கூலியும் கடையின் பொறுப்பு, புதியவை வந்து ஓடிய பிறகே மீதி என்று தந்தி போனது. ஐந்தில் ஒரு பங்கு இன்னும் இவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு வாரத்தில் சம்மதம் வந்தது. ஆனால் சென்னைக் கப்பல் மே மாதத்துக்கு முன் இல்லை.

அந்தக் கூட்டம் முடிந்த அன்றே மங்கையர்க்கரசி சந்திரமதியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மாதிரி மெஷின் ஜன்னலோரம் இருந்தது. துணியால் மூடியிருந்தது.

"இதை எடுத்துக்கோ."

"வேணாம்க்கா. இது உங்க பேர்ல பதிஞ்சிருக்கு."

"பேரை மாத்திக்கலாம். நான் விலகிட்டேன்னு எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

"விலகினா செயலாளரா இருக்க முடியாதே. மெஷின் இருக்கிறவங்கதான் பொறுப்புல இருக்கலாம்னு நீங்கதானே விதி போட்டீங்க."

"நான்தான் போட்டேன்."

சந்திரமதி மெஷினைத் தொடாமல் நின்றாள்.

"நீங்க பாவம் பார்த்துக் கொடுத்தா நான் வாங்கமாட்டேன்."

"பாவம் பார்க்கலை. துறையில நீ பத்து நடை தூக்கறேன்னு சொன்னே. நான் லாரியைப் பார்த்தேன்" என்றாள் மங்கையர்க்கரசி. "தூக்கிப் பிடி. ஒத்தையா தூக்கினா இடுப்பு போயிடும்."

இருவருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார்கள். ஜம்புலிங்கம் வாசலில் நின்று பார்த்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். அவள் திரும்பி வந்து சொல்வதாகச் சொன்னாள்.

மார்ச் 30 அன்று அதிகாரி வந்தார். எட்டு மெஷின்கள் ஓடின. எட்டு பேருக்கு அட்டை கிடைத்தது. சந்திரமதியின் பெயருக்கு எதிரே மாதிரி மெஷினின் எண் இருந்தது. மறுநாள் அவள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து எஸ்டேட்டில் ஓர் அறைக்குக் குடிவந்தாள். மங்கையர்க்கரசிக்குப் பதில், அட்டை கிடைத்த எட்டு பேரில் ஒருத்தியான அன்னம்மாள் செயலாளரானாள்.

மாற்று மெஷின்கள் மே மாதக் கப்பலில் வந்தன. அன்று மழை. நான்கு பெட்டிகளையும் ஹேடோ கொட்டகையிலேயே திறந்து ஓட்டிப் பார்த்தார்கள். நான்கும் புதியவை. திறந்த பெட்டிகளைக் கூலியாட்கள் தொடவில்லை. மங்கையர்க்கரசியும் சந்திரமதியும் நீலாவதியும் மற்றவர்களும் அவற்றைத் தார்ப்பாயால் மூடி, இருவர் இருவராகத் தூக்கி லாரிவரை கொண்டுபோனார்கள். மீதிப் பணம் மறுநாள் பேங்க் மூலம் சென்னைக்குப் போனது.