ஐந்தாம் மாடியில் வலது கால்

வைகாசி மாதத்தின் கடைசி முகூர்த்தம் பத்தே காலுக்கு முடிகிறது. ஆனியிலும் ஆடியிலும் புது வீடு புகுவதில்லை. வாடகை வீட்டையோ நாளைக்கே ஒப்படைக்க வேண்டும். முப்பது வருட வாடகை வாழ்வுக்குப் பிறகு வெள்ளவத்தையில் சொந்தமாக வாங்கிய ஐந்தாம் மாடி வீட்டின் வாசலில், நிறைகுடத்தோடு நாகேஸ்வரி நின்றிருந்தாள். கதவு பூட்டிக் கிடந்தது. சாவி உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில்.

பால் காய்ச்சும் பானையை வைக்கப் போன தம்பி சிவானந்தன் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்திருந்தார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வாசற்கதவைக் கடற்காற்று ஒரே அடியில் சாத்திவிட்டது.

"காத்து வரட்டும் எண்டுதான் அக்கா திறந்தனான்."

"காத்து வந்திட்டுது. நாங்கள் எப்பிடி வாறது?"

பூட்டுத் திறப்பவன் கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டிருந்தான். காலி வீதி நெரிசல் அவனைப் பம்பலப்பிட்டியில் பிடித்து வைத்திருந்தது. மணி ஒன்பது நாற்பது.

மகள் ஆரணி மலையேற்ற வழிகாட்டி. நேற்று மாலைதான் நான்கு வெள்ளைக்காரரைப் பாறையில் ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தாள். கயிறு இன்னும் காரில் கிடந்தது. "அந்தக் கயிறும் இடுப்பு வாரும் சொந்தக்காரற்ர கண்ணில படக்கூடாது. சுற்றுலாக் கந்தோரில வேலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்று காலையில் அம்மா கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தாள்.

"அம்மா, மொட்டை மாடியில இருந்து பல்கனிக்கு இறங்கட்டே?"

நாகேஸ்வரி ஐயரைப் பார்த்தாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீலையை மாத்திக்கொண்டு போ" என்றாள் நாகேஸ்வரி.

மொட்டை மாடியில் ஆறாம் மாடி நிலாம் நானா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தாங்கியின் தூண்களை ஆரணி தட்டியும் உதைத்தும் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"மகள், அது ரெண்டாயிரம் லீட்டர் தண்ணியத் தூக்குது. ஒங்களத் தூக்காதா?"

"தண்ணி துள்ளாது நானா. நான் துள்ளுவன்."

இரண்டு தூண்களில் கயிற்றைப் பிணைத்து, விளிம்பில் அது தேயாதிருக்கச் சாக்கை மடித்து வைத்து, முடிச்சுகளை மறுபடி சரிபார்த்தாள். பிறகு, மல்லிகைச் சரம் தலைக்கவசத்துக்கு வெளியே தொங்க, சுவரில் பின்னோக்கி நடந்தாள். எத்தனையோ பாறைகளில் அமைதியாய் இறங்கியவள் இந்தச் சுவரில் அடிக்கொரு தரம் கீழே பார்த்தாள். பாறையடியில் அம்மா நிற்பதில்லை. இங்கே, சொந்தக்காரரோடு கீழே ஒழுங்கைத் தெருவுக்கு இறங்கி, நிறைகுடத்தோடு அண்ணாந்து நின்றாள்.

கயிறு பல்கனிக்கு வலப்புறமாக விழுந்திருந்தது. எட்டிய கால் இடது கால். அதைக் கம்பிக்கு மேலால் நீட்டினாள்.

"ஆரணி! இடது கால் வையாதை! வீட்டாக்களில முதல் போறது நீயெல்லோ! வலது கால்!"

இதற்கென்று எந்த மலையிலும் பயிற்சி தருவதில்லை. நீட்டிய காலை மீட்டாள். சுவரை உதைத்து ஊஞ்சலாய் விலகினாள். திரும்பி வந்த வேகத்தில் உடம்பை முறுக்கி, வலது காலை வீசி உள்ளே ஊன்றினாள். ஒழுங்கை கைதட்டியது. கடற்கரைத் தண்டவாளத்தில் கல்கிசைக்குப் போன ரயிலின் வாசலில் தொங்கியவர்கள் கூவினார்கள்.

அவள் உள்ளிருந்து கதவைத் திறந்தபோது, அம்மா மின்தூக்கியில் மேலேறி மூச்சு வாங்க வாசலில் நின்றாள். பத்து பதின்மூன்றுக்குப் பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. சிவானந்தன்தான் எல்லோரிலும் உரக்கச் சந்தோஷப்பட்டார்.

ஆரணி குசினி மூலைக்கு ஒதுங்கி இடுப்பு வாரைக் கழற்றக் கொளுவியில் கைவைத்தாள். சந்தனத் தட்டோடு வந்த அம்மா அவளுக்குப் பொட்டு வைத்தாள்.

"கழட்டாதை பிள்ளை."

"ஏனம்மா?"

"கொட்டாஞ்சேனைச் சொந்தக்காரர் இன்னும் பாக்கேல்லை."